ஆழம் பார்க்க வந்த நூறு கார்கள்: ஒரு நார்வே நாட்குறிப்பு

நாள் 1, ஞாயிறு

கார்டமூன் விமான நிலைய வாசலில் டாக்ஸிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் உள்ளே வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை காரிலும் ஹீட்டர் ஓடுகிறது, ஒன்றிலும் புகை இல்லை. வெளியே மைனஸ் 8 டிகிரி. பெட்டியைத் தள்ளிக்கொண்டு போன நான் நகர்ந்துகொண்டிருந்த ஒரு காருக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டேன். "அண்ணா, இங்க காதை நம்பாதே!" என்று தங்கை கையைப் பிடித்து இழுத்தாள்.

ஏன் இந்தக் குளிரில் இங்கே என்று கேட்பவர்களுக்கு: அம்பத்தூரில் என் பிழைப்பு ரப்பர் சாமான். புஷ், கேஸ்கெட், டோர் பீடிங் (கதவோர ரப்பர் பட்டை) என்று கார் கம்பெனிகளுக்குச் சில்லறை உருப்படிகள் செய்து கொடுக்கிறோம். மின்காரில் எஞ்சின் கிடையாது, எஞ்சின் இல்லையென்றால் கேஸ்கெட்டுக்கு அங்கே என்ன வேலை? எமனை அவன் வீட்டிலேயே பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். தங்கை வீடு ஓஸ்லோவில் இருப்பதால் ஓட்டல் செலவு மிச்சம்.

இன்னொரு காரணம் பிஒய்டி. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்த காலத்தில், அதற்கு உதிரி பாகம் செய்து கொடுக்க வந்த சீனக் கம்பெனியாகத்தான் எனக்கு அந்தப் பெயர் தெரியும். செல்போன் மூடி செய்தவர்கள் நார்வேக்காரனுக்குக் கார் விற்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோது நம்பவில்லை.

வீடு வரும் வரை தங்கை மகன் ஒரு விளையாட்டு வைத்தான். "மாமா, சீனக் கார் பார்த்தா ஒரு பாயிண்ட்." தொடங்கிய இரண்டாவது நிமிடமே சண்டை. வோல்வோவைச் சேர்க்கலாமா? அது 2010 முதல் சீன ஜீலியின் கையில் இருக்கிறது. எம்ஜி? பெயர் ஆங்கிலேயனுடையது, முதலாளி ஷாங்காயில். ஷாங்காயில் செய்த டெஸ்லா? பையன் எல்லாவற்றையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டான். நான் ஒன்பதோடு தோற்றேன்.

நாள் 2, திங்கள்

கார்ல் யோஹான் வீதி. ஒரு முனையில் ரயில் நிலையம், மறு முனையில் அரண்மனை, நடுவில் பாராளுமன்றம். நம்மூர் ரங்கநாதன் தெருவை அகலப்படுத்தி, கூட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கி, மேலே பனியைத் தூவினால் வரும் தெரு. சமாதான நோபல் வாங்க வருகிறவர்கள் தங்கும் கிராண்ட் ஹோட்டல் இங்கேதான். அதற்குப் பக்கத்தில் நியோ என்ற சீனக் கார் கம்பெனியின் கடை.

கடை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். 'நியோ ஹவுஸ்' என்று பெயர். 2021 அக்டோபர் 1 அன்று திறந்தது. 2,000 சதுர மீட்டருக்கு மேல். சாய்ந்து உட்கார நாற்காலி, புத்தக அலமாரி, குழந்தைகளுக்கு இடம், நல்ல காபி, நடுவில் ஒன்றிரண்டு கார். காபி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். விலை என்ன, லோன் எவ்வளவு என்று எவரும் பக்கத்தில் வரவில்லை. நம்மூர் ஷோரூம் பையன்களை நினைத்துக்கொண்டேன். பெண் பார்க்கும் முன்பே கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த வேலையாகத்தான் இது எனக்குப் பட்டது.

சீனர்கள் இந்த ஊருக்கு வந்த வரிசையை மாப்பிள்ளை விரல் விட்டுச் சொன்னார். 2020 தொடக்கத்தில் எம்ஜியின் மின்கார். அதே ஆண்டு டிசம்பரில் எக்ஸ்பெங், கப்பலில் 100 கார் அனுப்பி. 2021 கோடையில் பிஒய்டி, அதுவும் முதல் தவணை 100 கார். செப்டம்பர் கடைசியில் நியோ.

நூறு என்பதை யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் வண்டி செய்யும் நாட்டிலிருந்து, உலகம் சுற்றி வரும் கப்பலில், நூறே நூறு. எங்கள் தொழிலில் இதற்கு 'பைலட் லாட்' என்று பெயர். புது அச்சு (டை) போட்டால் முதலில் நூறு உருப்படி அடித்து கஸ்டமருக்கு அனுப்புவோம். அவர் அளந்து பார்த்து, திட்டி, திருத்தி, ஓகே சொன்ன பிறகுதான் ஆயிரம். அதைக் காரில் செய்திருக்கிறார்கள். காலால் ஆழம் பார்ப்பது என்பார்களே, அது.

சரி, ஆழம் பார்க்க ஏன் இந்தக் குளம்? எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். 55 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு, ஆனால் கையில் காசு இருக்கிறது. மின்காருக்கு வாங்கும்போது போடும் வரியை 1990-களிலிருந்தே ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்து, 2001-இல் மதிப்புக்கூட்டு வரியையும் எடுத்துவிட்டார்கள். மின்சாரம் பெரும்பாலும் அருவியிலிருந்து. 2024-இல் இங்கே விற்ற புதுக் கார்களில் 100-க்கு 89 மின்கார். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே பெரிய கார் தொழிற்சாலை எதுவும் இல்லை. "எங்கள் பிள்ளைகளின் வேலை போகிறதே" என்று கொடி பிடிக்க ஆளில்லாத ஊர். ஜெர்மனியிலோ பிரான்சிலோ முதலில் போய் இறங்கியிருந்தால் கதை வேறு. நாய் இல்லாத வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

நாள் 3, செவ்வாய், தைப்பூசம்

காலையில் பிஒய்டி விற்கும் கடை. நியோவுக்கு நேர் எதிர். ஊருக்கு வெளியே, டயர் கடைக்கும் சோபா கடைக்கும் நடுவில், சாதாரண டீலர் கட்டடம். மெஷின் காபி, இலவசம், சுமார்தான்.

பிஒய்டி இங்கே தானே கடை போடவில்லை. ஆர்எஸ்ஏ என்ற உள்ளூர் இறக்குமதிக் கம்பெனியிடம் விநியோகத்தைக் கொடுத்துவிட்டது. பெயரைப் பிரித்துப் பார்த்தால் பஸ் முதலாளிகள் கூடி ஆரம்பித்த கம்பெனி என்று வருமாம். பல காலமாக சுசுகி விற்றவர்கள். ஊர் முழுக்க மெக்கானிக்கும் ஸ்டோரும் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

கடைக்காரர் இளைஞர். கார் பார்க்க வந்தவன் கீழே குந்தி உட்கார்ந்து கதவு பீடிங்கைத் தடவ ஆரம்பித்ததும் அவருக்குக் குழப்பம். "ஏதாவது விழுந்துவிட்டதா?" என்றார். "இல்லை, நான் ரப்பர்காரன்" என்றேன். பீடிங்கில் நேர் ஓட்டத்தை யார் வேண்டுமானாலும் நன்றாகச் செய்யலாம். தரம் தெரிவது மூலையில். கதவின் மேல் மூலையில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால், மோசமான வேலையில் ஒரு திட்டு தட்டும், அல்லது மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த வழியாகத்தான் மழையும் காற்றுச் சத்தமும் உள்ளே வரும். நாலு கதவையும் பார்த்தேன். நகம் எங்கும் தட்டவில்லை. ஒரு போட்டிக்காரனாக எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2005-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு லேண்ட்விண்ட் என்ற சீன வண்டி வந்தது. ஜெர்மன் ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி அதை மோதவிட்டுப் பார்த்தது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய படம் ஐரோப்பா முழுக்கப் போனது. 2007-இல் பிரில்லியன்ஸ் என்ற இன்னொரு சீனக் காருக்கும் கிட்டத்தட்ட அதே கதி. அந்த இரண்டு படங்களின் கறை போக ஏறக்குறைய பதினைந்து வருடம் ஆயிற்று. நூறு கார்களோடு தயங்கித் தயங்கி வந்ததற்கு அந்தப் பழைய அவமானமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். பிறகு வந்த பிஒய்டி அட்டோ 3, டாங் இரண்டும் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டன.

பெயர்களிலும் ஒரு ஜாக்கிரதை. சீனாவில் இவர்களுடைய கார்களுக்கு அரச வம்சப் பெயர்கள்: சின், ஹான், டாங், சொங், யுவான். நம்மூரில் சேரன், சோழன், பாண்டியன் என்று வைத்தது போல. வெளிநாட்டுக்கு டாங்கும் ஹானும் அப்படியே வந்தன. யுவான் பிளஸ் மட்டும் கப்பலேறியதும் அட்டோ 3 ஆகிவிட்டது. அப்புறம் டால்ஃபின், சீல் என்று கடல் பிராணிகள். சக்கரவர்த்தியை ஊருக்குள் விட யோசிப்பவன்கூட டால்ஃபினை விட்டுவிடுவான்.

சாயங்காலம் அம்மெருட் சிவசுப்பிரமணியர் ஆலயம். பூசக் கூட்டம். செருப்பு வைக்கும் தட்டு முழுக்கப் பனி பூட்ஸ். பட்டுப்புடவைக்கு மேல் இடுப்பு வரை தொங்கும் ஜாக்கெட். உள்ளே அரோகரா சத்தத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் என் கால் தானாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போயிற்று.

அங்கே நின்றது அந்த நூறில் ஒன்றா என்று தெரியாது, ஆனால் அதே ஆண்டு வந்த டாங். பின்பக்கம் முழு அகலத்துக்கும் 'பில்ட் யுவர் ட்ரீம்ஸ்' என்று எழுத்து. உன் கனவைக் கட்டு! கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு பெரிய எழுத்து போட மாட்டார்கள். பிறகு வந்த வண்டிகளில் அதை எடுத்துவிட்டு வெறும் மூன்றெழுத்து வைத்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார்.

கார்க்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும், யாழ்ப்பாணம் பக்கம். 1987-இல் வந்து, வட கோடியில் ஃபின்மார்க்கில் மீன் வெட்டும் ஃபாக்டரியில் வேலை பார்த்து, பிறகு ஓஸ்லோவுக்கு இறங்கியவர். கேட்டதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஓம் தம்பி, 2021 கடைசியில எடுத்தனான். அப்ப ஒருத்தரும் வாங்கேல்லை. சீனச் சாமானுக்கு ஆறு லட்சம் குரோனரோ எண்டு மனிசி நல்லா ஏசினவ."

"பிறகு ஏன் எடுத்தீங்க அண்ணா?"

"ஏழு சீற். என்ர அம்மா, மாமி, மூண்டு பிள்ளையள், நாங்கள் ரெண்டு பேர். நீங்களே எண்ணிப் பாருங்கோ. அந்தக் காசுக்கு ஏழு பேர் போற கரண்ட் கார் வேற ஆர் தந்தவை?"

பழுதானால் என்ன செய்வது என்று பயமில்லையா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு எந்த மேனேஜ்மென்ட் வகுப்பிலும் கிடைக்காதது.

"அதுதான் முதல்ல யோசிச்சது. போய்ப் பாத்தா, விக்கிறவை எங்கட பழைய சுசுகிக்காரர். இருபது வருசமாத் தெரியும். சீனன் ஓடிப் போனாலும் அவை ஓட மாட்டினம்."

சனிக்கிழமை லில்லஹம்மர் போகிறாராம், அங்கே படிக்கும் மகளுக்குச் சாப்பாடு கொண்டு போக. "வாறீங்களோ?" என்றார். கேட்டு வாய் மூடும் முன் சரி என்றேன்.

நாள் 4, புதன்

மைனஸ் 16. தங்கை வெளியே விடவில்லை. கம்பளிக்குள் உட்கார்ந்து, பழுப்பு நிறத்தில் இனிக்கும் பால்கட்டி ஒன்றைத் தின்றுகொண்டு கணக்குப் போட்டேன். (பால்கோவாவுக்கு உப்புப் போட்டது போன்ற ருசி. மூன்றாவது துண்டில் பழகிவிடுகிறது.)

கணக்கு இது. பிஒய்டி வந்த 2021-இல் மின்காருக்கு மதிப்புக்கூட்டு வரி முழுத் தள்ளுபடி. 2023-இல் தள்ளுபடியை 5 லட்சம் குரோனரோடு நிறுத்தி, மேலே உள்ள தொகைக்கு 25 சதவீதம் போட்டார்கள். அதாவது 6 லட்சம் குரோனர் டாங்குக்கு இந்தக் கணக்கில் அந்த ஒரு லட்சத்தின் மேல் 25,000 வரி. கம்பெனிக்கு இதில் செய்தி தெளிவு: 5 லட்சத்துக்குள் வரும் கார் கொண்டு வா. கொண்டு வந்துவிட்டார்கள்.

இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபர் கடைசியிலிருந்து சீனாவில் செய்த மின்கார்களுக்குக் கூடுதல் சுங்கம் போடுகிறது. பிஒய்டிக்கு 17 சதவீதம், ஜீலிக்கு 18.8, எம்ஜியின் தாய்க் கம்பெனிக்கு 35.3. ஏற்கெனவே உள்ள 10 சதவீதத்துக்கு மேல் இது. நார்வே ஒன்றியத்தில் இல்லை. அந்தச் சுங்கமும் இங்கே இல்லை. எல்லை தாண்டிய ஸ்வீடனில் அதே காருக்கு ஒரு வரி, இங்கே வேறு. 2021-இல் இந்த ஊரைப் பொறுக்கி எடுத்தவர்கள் இதையும் ஜோசியம் பார்த்து வைத்தார்களா என்ன?

நாள் 5, வியாழன்

மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் நார்வேக்காரர் ஒருவரிடம் நியோ கார் இருக்கிறது. டிராமன் பக்கம் போகும் வேலை இருக்கிறது, ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

வழியில் லியர். நியோவின் பேட்டரி மாற்றும் நிலையங்களில் நார்வேயில் முதலாவது, 2022 ஜனவரியில் இங்கேதான் வந்தது. பார்ப்பதற்கு ஓரத்தில் நிற்கும் கார் வாஷ் ஷெட் மாதிரி. வாசலில் நிறுத்தி, திரையில் தொட்டார், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். கார் தானாகவே பின்னோக்கி உள்ளே போய், முன்னே பின்னே ஒரு விரற்கடை நகர்ந்து, சக்கரங்களைக் குழியில் வைத்துக்கொண்டது. இறங்கவே இல்லை. கீழே 'கிர்ர்' என்று போல்ட் கழலும் சத்தம் உட்கார்ந்த இடத்தில் உணர முடிகிறது. காருக்குள் ஒரு கணம் எல்லாம் அணைந்து மௌனம். அப்புறம் ஏதோ உருளும் அதிர்வு, மறுபடி 'கிர்ர்'. திரை உயிர் பெற்றது. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் மாற்றுகிற வேகம்.

பேட்டரி அவருக்குச் சொந்தமும் இல்லை, மாத வாடகை. "நான் வாங்கியது காரின் முக்கால் பாகம்" என்று சிரித்தார்.

அருமையான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நிலையம் கட்ட நிலம், மின் இணைப்பு, உள்ளே எப்போதும் தயாராக ஒரு டஜன் பேட்டரி என்று எத்தனை முதல் முடங்கும்! ஐரோப்பா முழுவதும் சேர்த்து இன்னும் சில பத்துகளில்தான் நிற்கிறது. 2022-இல் பெர்லினில் விழா எடுத்து ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன் நான்கிலும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். கார் விற்பனைக்கு இல்லை, வாடகைக்கு மட்டும் என்றார்கள். ஜனங்கள் முணுமுணுத்ததும் சில வாரத்திலேயே விற்கவும் சம்மதித்தார்கள். பேட்டரியை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், வாங்குகிறவன் புத்தியை மாற்ற முடியாது.

டிராமன் துறைமுகம் ஆற்று முகத்தில் ஹொல்மன் என்ற தீவில். நார்வேக்கு வரும் கார்களில் பெரும்பகுதி இங்கேதான் இறங்குகிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மேலே ஒரு சாண் பனியோடு வரிசை வரிசையாகக் கார்கள். எது எந்த நாட்டுக் கார் என்று கண்டுபிடிக்க வழியில்லை, எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை மேடு. பையனைக் கூட்டி வந்திருந்தால் விளையாட்டே நடக்காது.

பிஒய்டி இப்போது சொந்தக் கப்பலே வைத்திருக்கிறது. 7,000 கார் கொள்ளும் முதல் கப்பல் 2024 ஜனவரியில் கிளம்பியது. முதலில் அனுப்பிய நூறை அதில் ஏற்றினால் எழுபதில் ஒரு பங்கு இடம்தான் நிரம்பும்.

நாள் 6, வெள்ளி

ஜலதோஷம். மிளகு ரசம். எழுத ஒன்றுமில்லை.

நாள் 7, சனி

காலை ஏழு மணிக்கு டாங் வாசலில் வந்து நின்றது. ஊரே இருட்டு. பின்சீட்டை மடக்கி, மூன்று அடுக்குக் கேரியர், உறைந்த பிட்டுப் பொட்டலங்கள், ஒரு பெரிய பாத்திரத்தில் ஆட்டுக்கறி. கார் முழுக்க யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வாசம். "வெளிக்கிடுறதுக்கு அரை மணித்தியாலம் முன்னமே ஃபோன்ல தட்டி ஹீற்றரைப் போட்டிட்டன்" என்றார். வீட்டுச் சார்ஜரில் செருகியிருக்கும்போதே சூடாக்கிவிட்டால் பேட்டரியிலிருந்து செலவாகாது. குளிர் நாட்டு மின்காரின் முதல் பாடம் இதுதானாம்.

ஓஸ்லோவிலிருந்து லில்லஹம்மர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மியோசா ஏரிக் கரையோடு போகும் சாலை. ஏரி உறைந்து, எது நீர் எது நிலம் என்று தெரியாமல் கிடக்கிறது. டாங்கில் 86 யூனிட் பேட்டரி, காகிதத்தில் 400 கிலோமீட்டர். இந்தக் குளிரில் 300 கிடைத்தால் போதும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார். எந்த மின்காருக்கும் குளிர்காலத்தில் இந்தச் சேதாரம் உண்டு.

நான் அவருக்குப் பேட்டரி புராணம் சொன்னேன். பிஒய்டியைத் தொடங்கிய வாங் சுவான்ஃபு ஒரு வேதியியல்காரர். 1995-இல் ஷென்ஜெனில் பேட்டரி செய்ய ஆரம்பித்தார். ஜப்பான்காரன் கோடிக்கணக்கில் மெஷின் போட்ட இடத்தில் இவர் ஆட்களை வரிசையாக உட்கார வைத்துக் கையால் செய்ய வைத்தார். மோட்டோரோலா, நோக்கியா எல்லாம் வாங்கின. 2003-இல் ஒரு சின்ன கார் ஃபாக்டரியை விலைக்கு எடுத்தார். அப்போது பங்குச் சந்தையில் சிரித்தார்கள். 2020-இல் வந்த 'பிளேடு' பேட்டரி இரும்பு பாஸ்பேட் வகை. ஒவ்வொரு செல்லும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத் தகடு. நிக்கல், கோபால்ட் வேண்டாம், விலை குறைவு, ஆணி அடித்தாலும் தீப்பிடிக்கவில்லை என்று காட்டினார்கள். குளிர் மட்டும் இந்த வகைக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அப்படியிருந்தும் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் நார்வேக்கு வந்தார்களே! இங்கே பனியில் ஓடிவிட்டால் வேறெங்கும் கேள்வி கேட்க முடியாது.

"எனக்கு உதொண்டும் தெரியாது தம்பி," என்றார் அவர். "நாலு விண்ரர் ஓடியிட்டுது."

லில்லஹம்மரில் மகளிடம் சாமானை இறக்கிவிட்டுச் சார்ஜ் போடப் போனோம். இதற்காவது நான் காசு கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அங்கே ஆரம்பித்தது என் சோதனை. சார்ஜர் கம்பெனியின் ஆப்பை இறக்கினேன். என் கார்டு எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது. அந்த ஓடிபி அம்பத்தூர் சிம்முக்குக் கிளம்பி, எந்த மலையில் மாட்டிக்கொண்டதோ, வரவே இல்லை. மைனஸ் 13-இல் கையுறையைக் கழற்றிக் கழற்றி இருபது நிமிடம் தட்டினேன், விரல் மரத்துவிட்டது. திட்டிய திட்டெல்லாம் வாயிலிருந்து ஆவியாகத்தான் வந்தது. கடைசியில் அவர் சாவிக்கொத்தில் தொங்கிய பொத்தான் மாதிரி ஒன்றை மெஷினில் காட்டினார். 'டிக்'. அவ்வளவுதான். கேபிளைத் தூக்கிப் பொருத்துவது மட்டும் என் பங்கு. குளிரில் அது தேர்வடம் போல விறைத்துக் கிடந்தது. ரப்பர்காரனாகச் சொல்கிறேன், அந்த மேலுறைக்கு இன்னும் நல்ல ரப்பர் கலவை போடலாம். ஊருக்குப் போனதும் மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும். கேஸ்கெட் போன இடத்தில் ஏதாவது வர வேண்டுமே!

சார்ஜ் ஏறும் நேரத்தில் ஊரைச் சுற்றினோம். 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் இது. அந்த ஒலிம்பிக்கில் நார்வேக்காரர்களே செய்த சின்ன மின்கார் ஓடியிருக்கிறது. பிவ்கோ என்ற கம்பெனியின் மாதிரி வண்டிகள். பின்னால் அதுவே 'திங்க்' ஆயிற்று. 1999-இல் ஃபோர்டு வாங்கியது, சில வருடத்தில் கைகழுவியது. 2011-இல் திவால். அண்ணனுக்கு அந்தக் கார் நினைவிருக்கிறது. "சோப்புப் பெட்டி மாதிரி. ஆனா அவங்கட சொந்தக் கார்." அந்தச் சோப்புப் பெட்டி பிழைத்திருந்தால் 2021-இல் சீனக் காருக்கு இங்கே கதவு இவ்வளவு லேசாகத் திறந்திருக்குமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

ஆழம் பார்த்த பிறகு பிஒய்டி தயங்கவில்லை. 2022-இல் வெளிநாடுகளில் விற்ற கார் கிட்டத்தட்ட 56,000. 2024-இல் 4 லட்சத்து 17 ஆயிரம். 2024 ஜூலையில் தாய்லாந்தின் ராயோங்கில் தொழிற்சாலை. ஹங்கேரியின் செகெட்டில் இன்னொன்று. ஜெர்மனியில் நடந்த யூரோ கால்பந்துப் போட்டிக்கே விளம்பரதாரர். பிரேசிலில் ஃபோர்டு விட்டுப்போன இடத்தில் கட்டும்போதுதான் சறுக்கல்: ஒப்பந்தக்காரர் கொண்டு வந்த 163 சீனத் தொழிலாளர்களை அடிமை போன்ற நிலையில் வைத்திருந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் 2024 டிசம்பரில் மீட்டார்கள். அந்த ஒப்பந்தக்காரரோடு உறவை முறித்துக்கொண்டதாகக் கம்பெனி சொன்னது. நூறு கார் அனுப்பிய காலத்து நிதானம் அங்கே எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. நம் ஸ்ரீபெரும்புதூரில் கார் பூட்டும் வேலையோடு நிற்கிறார்கள். 100 கோடி டாலர் திட்டம் ஒன்றை ஹைதராபாத் கம்பெனியோடு சேர்ந்து கொண்டு போனார்கள், 2023-இல் டெல்லி வேண்டாம் என்றுவிட்டது. இங்கே நார்வேயில், சீனப் பெயர் தாங்கிய கார்கள் எல்லாம் சேர்ந்தும் 2024-இல் புது விற்பனையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

திரும்பும் வழியில் ஒரு பங்கில் நிறுத்தினார். பெட்ரோல் போட அல்ல, சாசேஜ் தின்ன. நான் காபி.

"அண்ணா, அடுத்த காரும் இதேதானா?"

அவர் சாசேஜைக் கடித்து, மென்று, விழுங்கினார். "பாப்பம்," என்றார்.

கிளம்பும் முன் பின்னால் போய் ஒரு கந்தலை எடுத்தார். 180 கிலோமீட்டர் உப்பும் சேறும் சேர்ந்து பின்பக்கம் முழுக்கப் பழுப்பு மெழுகல். நம்பர் பிளேட் தெரியாவிட்டால் போலீஸ் பிடிப்பான் என்று அதை மட்டும் அழுத்தித் துடைத்தார். மேலே இருந்த நீள எழுத்து சேற்றுக்குள் அப்படியே இருந்தது. கந்தலை டிக்கியில் போட்டுவிட்டு, "ஏறுங்கோ, குளிருது" என்றார்.